சக்கையாய் இருந்து சத்தாய் ஆன நார்

உடல் எடையைக் குறைக்க விரும்பும் எவரும் இன்று முதலில் கேள்விப்படும் சொற்களுள் ஒன்று 'நார்ச்சத்து'. மருத்துவர் சொல்கிறார், நாளிதழ் இணைப்புச் சொல்கிறது, பிஸ்கட் உறையின் மேல்கூட அச்சாகியிருக்கிறது. இச்சொல்லைச் சற்றே பிரித்துப் பார்ப்போமானால் அதற்குள் ஒரு முரண் ஒளிந்திருப்பது புலப்படும். நம் முன்னோர் பேச்சில் நாரும் சத்தும் எதிரெதிர்த் திசையில் நிற்பவை. கரும்பைப் பிழிந்தால் கிடைப்பது சாறு, எஞ்சுவது சக்கை. தானியத்தைத் தீட்டினால் கிடைப்பது அரிசி, எஞ்சுவது தவிடு. சக்கை எருக்குழிக்கும் தவிடு மாட்டுத் தொட்டிக்கும் போயின. அப்படி ஒதுக்கப்பட்ட நாருக்குப் பின்னால் 'சத்து' என்னும் பட்டம் எப்போது, எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? அவ்வாறு ஒட்டிக்கொள்வதற்குள் நம் தட்டிலிருந்து அது எங்ஙனம் காணாமற்போயிற்று? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். தேடுவதற்கு வசதியாக ஒரு சாலையையும் அதன் இருமருங்கிலும் உள்ள நிலத்தையும் தேர்ந்துகொள்வோம்.

இரு நிலங்களின் நடுவே ஓர் ஊர்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் திருமங்கலம், தே.கல்லுப்பட்டி ஆகிய ஊர்களைக் கடந்து, திருவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னதாக வருகிறது கிருஷ்ணன்கோவில். 1984இல் தொடங்கப்பட்ட கலசலிங்கம் பொறியியல் கல்லூரியால் (இன்று அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம்) வெளியூராருக்கு அறிமுகமான ஊர் இது. ஆனால் உணவு வரலாற்றைத் தேடுவோருக்கு இவ்வூரின் சிறப்பு அதன் இருப்பிடத்தில்தான் உள்ளது. மேற்கே மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் ஓடைகளும் கண்மாய்களும். வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் என நெல் விளையும் நஞ்சைத் தொடர். கிழக்கே சிவகாசி, சாத்தூர் நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல் மண். அங்கே வானம் பார்த்த மானாவாரிச் சாகுபடி. கம்பு, சோளம், குதிரைவாலி, பயறு வகைகள், பருத்தி. நெல்லுக்கும் கம்புக்கும் இடையேயான எல்லைக்கோடு ஏறத்தாழ இச்சாலையை ஒட்டியே ஓடியது எனலாம்.

கரிசல் எழுத்துகளைப் படித்த வாசகர்களுக்கு ஒரு சொல் நினைவிருக்கும்: 'நெல்லுச்சோறு'. இன்று சோறு என்றாலே அரிசிச்சோறுதான். கம்பில் ஆக்கியதென்றால் 'கம்மஞ்சோறு' என்று அடைமொழி சேர்த்துச் சொல்கிறோம். கரிசலிலோ நெல்லுக்குத்தான் அடைமொழி தேவைப்பட்டது. எது அன்றாடமோ அதற்கு அடைமொழி வேண்டியதில்லை. எது அரிதோ அதற்கே வேண்டும். கி. ராஜநாராயணன் (1923-2021) தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி போன்ற முயற்சிகள் மொழியாய்வுக்கு மட்டுமல்லாமல் உணவு வரலாற்றுக்கும் சான்றாகின்றன என்பதற்கு இவ்வொரு சொல்லே போதும்.

கம்மஞ்சோறு ஆக்குவது எளிய வேலையன்று. கம்பில் நீர் தெளித்து, உரலிலிட்டுக் குத்தி, சுளகில் புடைத்து உமியை நீக்கி, மீண்டும் குத்தி, நொய்யும் மாவுமாகப் பிரித்து உலையேற்ற வேண்டும். உடன் உண்பதற்குக் காணத் துவையலோ, மோர் மிளகாயோ, மழைக்குப் பின் தானே முளைக்கும் பண்ணைக்கீரையோ, கரிசல் மண்ணுக்கே உரிய அதலைக்காயோ இருக்கும். மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்து மறுநாட் காலையில் கரைத்துக் குடிப்பர். இந்த உணவில் நார் எத்தனை கிராம் என்று எவரும் எண்ணியதில்லை. எண்ண வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இந்த உணவு முறை மிகப் பழையது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் தம் முல்லை நிலத்து உணவுகளாக வரகு, தினை, கொள்ளு, அவரை என்னும் நான்கினைச் சொல்லி, இவையன்றி உணவென்று வேறில்லை என்கிறார். இரண்டு சிறுதானியம், இரண்டு பயறு. இன்றைய உணவியல் வல்லுநர் ஒருவரிடம் எடைக் குறைப்புக்கு உணவுப் பட்டியல் கேட்டால் அவர் எழுதித் தருவதும் ஏறக்குறைய இதுவாகவே இருக்கும்.

வெள்ளைக்குக் கிடைத்த மரியாதை

அப்படியாயின் மக்கள் ஏன் அதைக் கைவிட்டனர்? 'நாகரிகம் வந்து கெடுத்தது' என்று ஒரே வாக்கியத்தில் கடந்துபோவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது.

நெல்லுக்கு நம் பண்பாட்டில் எப்போதும் உயர்ந்த பீடம் உண்டு. கிருஷ்ணன்கோவிலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாளின் திருப்பாவையையே எடுத்துக்கொள்வோம். நோன்பின் தொடக்கத்தில் நெய்யையும் பாலையும் விலக்குவதாக உறுதிகொள்ளும் பெண்கள், நோன்பு நிறைவுறும் இருபத்தேழாம் பாசுரத்தில் முழங்கை வரை நெய் வழியும் பாற்சோற்றைக் கூடியிருந்து உண்ண விழைகின்றனர். விலக்குதல், பின்னர் கூடி உண்ணுதல் என்னும் இந்த ஒழுங்கில் உச்சத்தில் அமர்வது நெல்லரிசியே. தெய்வத்துக்குப் படைப்பதும் விருந்தினருக்கு இடுவதும் அதுவே. கரிசல் குடியானவனுக்கு அது தீபாவளி, பொங்கல், ஊர்க்கொடை போன்ற நாட்களுக்கு உரியது. அல்லது நோயாளியின் கஞ்சிக்கு உரியது.

சிறுதானியத்துக்காகப் பரிந்து பேசிய குரல்களும் இலக்கியத்தில் உண்டு. புல்வேளூரில் தமக்கு இடப்பட்ட வரகரிசிச் சோற்றையும் கத்தரிக்காயையும் மோரையும் உலகமே பெறும் என்று ஔவையார் புகழ்ந்ததாகத் தனிப்பாடல் மரபு சொல்லும். கன்னடத்தில் பதினாறாம் நூற்றாண்டினரான கனகதாசர் 'ராமதான்ய சரிதே' என்றொரு நூலையே இயற்றினார். நெல்லும் கேழ்வரகும் தம்முள் யார் பெரியவர் என்று வழக்காடுகின்றன. இரண்டையும் ஆறு திங்கள் அடைத்து வைத்துப் பார்க்க, நெல் கெட்டுப்போகிறது, கேழ்வரகு நிலைத்து நிற்கிறது. இராமன் கேழ்வரகுக்கே சிறப்புச் செய்கிறான். இப்படியொரு கதை தேவைப்பட்டது என்பதிலிருந்தே அன்றைய சமூகத்தில் எது மேல், எது கீழ் என்று கருதப்பட்டது என்பதை ஊகிக்கலாம். உயர்ந்ததாக ஏற்கப்பட்டதற்கு வக்கீல் வேண்டியதில்லை.

எனவே, கையில் காசு வந்தபோதும் கண்மாயில் நீர் நின்றபோதும் மக்கள் நெல்லுச்சோற்றை நாடியதை அறியாமை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. தலைமுறை தலைமுறையாகத் திருநாளுக்கு மட்டும் கிடைத்ததை அன்றாடமாக்கிக்கொண்டனர். அது ஒரு தன்மான வெற்றி.

ஆலையும் உலக்கையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணமெங்கும் நெல் அரவை ஆலைகள் பரவின. உலக்கையால் குத்தும்போது உமி நீங்கித் தவிட்டில் ஒரு பகுதி அரிசியோடு ஒட்டியே நிற்கும். ஆலையோ அரிசியை வெண்மையாகத் தீட்டித் தந்தது. தவிட்டில் எண்ணெய் உண்டாதலால் தவிடு நீங்காத அரிசி விரைவில் சிக்கு வாடை அடிக்கும், பூச்சியும் பற்றும். தீட்டிய அரிசி மூட்டையில் நெடுநாள் கிடக்கும், தொலைவு போகும். வணிகருக்கு இது வசதி. விடியுமுன் எழுந்து உலக்கை பிடித்த பெண்களுக்கும் இது விடுதலை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இதற்கு எதிராக எழுந்த முதல் எச்சரிக்கை நீலகிரியிலிருந்து வந்தது. குன்னூரில் இராபர்ட் மக்கரிசன் தலைமையில் சத்துணவு ஆய்வு நடைபெற்று வந்தது (அந்நிலையமே பின்னர் 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது). 1920களில் மக்கரிசன் ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் பல்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் சிறந்து வளர்ந்தன. பட்டியலின் கடைசியில் நின்றது 'மதராசி' உணவு. நமக்கு இது இனிய செய்தியன்று. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் தேடியது உயிர்ச்சத்தையும் புரதத்தையும். நார் அவர் கணக்கில் இல்லை.

அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவர் குழுவினரும் 1940இல் இந்தியாவின் அரிசிச் சிக்கல் குறித்து விரிவான அறிக்கை வெளியிட்டனர். தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் பகுதிகளில் பெரிபெரி நோய் காணப்பட, புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது அரிதாயிருந்தது ஏன் என்பதற்கும் விடை கிடைத்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் முழுதும் போய்விடுவதில்லை.

இரண்டாவது எச்சரிக்கை நம் சாலையோடு தொடர்புடையது. 1934இல் காந்தியடிகள் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் செயலராகப் பொறுப்பேற்றவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கைக்குத்தல் அரிசி அச்சங்கத்தின் முதன்மையான இயக்கங்களுள் ஒன்று. அரிசியாலை ஊரின் சத்தையும் கொண்டுபோகிறது, குத்துவேலை செய்யும் பெண்களின் கூலியையும் கொண்டுபோகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தக் குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த இடம் தே.கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமம். 1940இல் நிறுவப்பட்ட அவ்வாசிரமம் கிருஷ்ணன்கோவில் வழியாகச் செல்லும் அதே நெடுஞ்சாலையில்தான் உள்ளது. இச்சாலையில் அரிசி லாரிகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், சாலையோரத்து ஆசிரமம் ஒன்றில் தவிட்டுக்காக வாதாடிய ஒரு பொருளியல் அறிஞர் வாழ்ந்திருந்தார். 1960 ஜனவரி 30 அன்று அவர் மறைந்தார்.

கைக்குத்தலைக் காப்பதை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டு 1958இல் நடுவண் அரசு அரிசி அரவைத் தொழில் ஒழுங்குச் சட்டத்தை இயற்றியது. ஆலைகளின் பெருக்கத்தை அது தடுத்து நிறுத்தவில்லை. 1997இல் அச்சட்டமும் நீக்கப்பட்டது. அதற்குள் உரல் முற்றத்திலிருந்து கொல்லைக்குப் போய்விட்டிருந்தது.

கவனிக்கப்படாத இரண்டாவது இழப்பு

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம். ஐதராபாத் நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையின்படி 100 கிராம் தானியத்தில் உள்ள மொத்த நார் (கிராமில், தோராயமாக) வருமாறு:

தீட்டிய பச்சரிசி - 2.8
தீட்டிய புழுங்கலரிசி - 3.7
தவிடு நீக்காத அரிசி - 4.4
சோளம் - 10.2
கேழ்வரகு - 11.2
கம்பு - 11.5
முழுக்கோதுமை மாவு - 11.4
மைதா - 2.8

இவ்வெண்களை ஊன்றி நோக்கினால் நம் பொது நம்பிக்கை ஒன்று ஆட்டம் காண்கிறது. ஆலை அரிசியிலிருந்து பறித்துக்கொண்ட நார், நூறு கிராமுக்கு ஒன்றரை கிராம் அளவே. கைக்குத்தல் இயக்கம் முழு வெற்றி பெற்றிருந்தாலும் உயிர்ச்சத்தைக் காத்திருக்கும். நாரில் பெரிய மாற்றம் நிகழ்ந்திராது. பெரிய இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. கம்பும் சோளமும் கேழ்வரகும் இருந்த தட்டில் அரிசி வந்து அமர்ந்தபோது, நூறு கிராமுக்கு எட்டு கிராம் நார் ஓசையின்றி வெளியேறியது. முதல் இழப்பை எதிர்த்துப் போராட ஆய்வுக்கூடமும் ஆசிரமமும் இருந்தன. இரண்டாவது இழப்பை அன்று எவரும் இழப்பென்றே கருதவில்லை. முன்னேற்றம் என்றே கருதினர்.

அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதும் நாமறிந்த வரலாறே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்த பங்கீட்டு முறை, 1966இல் வெளியான ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் வகைகள், 1967 தேர்தலில் ஒலித்த 'ரூபாய்க்கு மூன்று படி' வாக்குறுதி, 1986இல் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி, 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் விலையில்லா அரிசி என்று படிப்படியாக நெல்லுச்சோறு தன் அடைமொழியை இழந்து வெறும் 'சோறு' ஆயிற்று. இத்திட்டங்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கரிசலில் பஞ்சம் என்னும் சொல் அச்சமூட்டாத ஒரு தலைமுறை வளர்ந்ததற்கு இவையே காரணம். பசி நீங்கியது பேரறம். அந்த அறத்தின் நிழலில் ஒரு சிறு பிழை வளர்ந்தது என்பதே நாம் சொல்ல வருவது.

அரிசியோடு மைதாவும் வந்தது. விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டாவும் திருவில்லிபுத்தூரின் பால்கோவாவும் (2019இல் புவிசார் குறியீடு பெற்றது) இவ்வட்டாரத்தின் பெருமைகள் என்பதில் நமக்கும் ஐயமில்லை. பரோட்டாவில் நார் மிகச் சிறிது, பால்கோவாவில் அறவே இல்லை என்பதையும் பெருமையோடு சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

சக்கைக்குச் சத்துப் பட்டம்

இனி நார் பட்டம் பெற்ற கதைக்கு வருவோம். பழைய வேதியியலார் உணவை அமிலத்திலும் காரத்திலும் அடுத்தடுத்துக் கொதிக்க வைத்து, கரையாது எஞ்சியதைக் 'கச்சா நார்' என்றனர். அம்முறையில் உண்மையான நாரின் பெரும்பகுதி கரைந்து போய்விடும். கோபாலன் முதலியோர் 1971இல் விரிவாக்கிய இந்திய உணவு அட்டவணையில் அரிசிக்கு 0.2, கம்புக்கு 1.2 என்றே காணப்படுவதன் காரணம் இதுதான். அளவுகோல் சரியில்லாதபோது அளக்கப்படும் பொருளும் அற்பமாகவே தோன்றும்.

'உணவு நார்' என்னும் தொடரை 1953இல் ஹிப்ஸ்லி என்பார் மருத்துவக் கட்டுரையொன்றில் கையாண்டார். அதற்கு உயிர் கொடுத்தவர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் பல்லாண்டு பணியாற்றிய மருத்துவர்களான டெனிஸ் பர்கிட்டும் ஹியூ டிரோவெல்லும். ஐரோப்பாவில் மலிந்திருந்த மலச்சிக்கல், குடல் நோய்கள், நீரிழிவு, உடற்பருமன் ஆகியவை ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் அரிதாயிருந்ததை அவர்கள் கண்டனர். 1972இல் பர்கிட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, உணவு குடலைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் மலத்தின் எடையையும் அளந்து ஒப்பிட்டது. அறிவியல் எங்கெல்லாம் இறங்கி உண்மையைத் தேட வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது!

எடைக்கும் நாருக்கும் உள்ள தொடர்பை விளக்கிய அழகிய சோதனை 1977இல் நடந்தது. பத்துப் பேருக்கு ஒருமுறை முழு ஆப்பிளும், ஒருமுறை அதன் கூழும், ஒருமுறை சாறும் கொடுத்தனர். மாவுச்சத்தின் அளவு மூன்றிலும் ஒன்றே. முழுப் பழத்தை உண்ண எடுத்த நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே சாறு தீர்ந்துவிட்டது. வயிறு நிறைந்த உணர்வு முழுப்பழத்தில் மிகுதி, கூழில் குறைவு, சாற்றில் மிகக் குறைவு. நார் செய்யும் வேலை இதுதான். மெல்ல வைக்கிறது; வயிற்றில் இடத்தை அடைக்கிறது; அதில் ஒரு வகை நீரில் குழைந்து சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கிறது; பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது.

எனினும் நார் மந்திரமன்று. 2015இல் அமெரிக்காவில் 240 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனை இதைத் தெளிவாக்கியது. ஒரு குழுவினரிடம் 'நாளொன்றுக்கு 30 கிராம் நார் உண்ணுங்கள்' என்று மட்டுமே சொல்லப்பட்டது. மற்றொரு குழுவுக்குப் பல விதிகள் அடங்கிய முழு உணவுத்திட்டம் தரப்பட்டது. ஓராண்டு முடிவில் முதற்குழு சராசரியாக 2.1 கிலோவும் இரண்டாங்குழு 2.7 கிலோவும் குறைந்திருந்தன. ஒரே ஒரு விதியைப் பின்பற்றியோர் பல விதிகளைப் பின்பற்றியோரை நெருங்கி வந்தனர் என்பது வியப்பு. குறைந்தது இரண்டு கிலோதான் என்பதும் உண்மை.

பழங்காலத்துக் கரிசல் மக்கள் மெலிந்திருந்ததற்கு நாரே காரணம் என்று எழுதுவது இன்று வழக்கமாகியிருக்கிறது. அவர்கள் நாள் முழுதும் காட்டில் உழைத்தனர். பல நாட்கள் அரைவயிற்றோடு படுத்தனர். பசியை ஆரோக்கியம் என்று பெயர் மாற்றி அழைப்பது அவர்களுக்கு நாம் செய்யும் அவமதிப்பு.

குறைக்கும்போது குறைவது எது?

இன்றைய நிலைக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையினர். அதற்கு முந்தைய ஆய்வில் (2015-16) இவை முறையே 30.9, 28.2 ஆக இருந்தன. சென்னை நகரத்தாரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, அவர்கள் பெறும் கலோரியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்து, பெரிதும் வெள்ளை அரிசியிலிருந்து வருவதையும், அவற்றை மிகுதியாக உண்போரிடம் இடுப்புச் சுற்றளவும் இரத்தச் சர்க்கரையும் கூடியிருப்பதையும் காட்டியது.

எடையைக் குறைக்க முனைவோர் முதலில் செய்வது சோற்றைப் பாதியாக்குவது. இங்கேதான் யாரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டாகிறது. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்டவருக்கு அதிலிருந்து கிடைத்த நார் 11 கிராம். 200 கிராமாகக் குறைத்தால் நாரும் ஐந்தரை கிராமாகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் பரிந்துரைத்ததோ பெரியோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம். ஏற்கெனவே பற்றாக்குறையில் இருந்தவர் மேலும் பற்றாக்குறைக்குப் போகிறார். மூன்றாம் நாளே பசி வாட்டுகிறது, மலம் சிக்குகிறது, ஐந்தாம் நாள் விரதம் கலைகிறது. குற்றம் மன உறுதியில் இல்லை; தட்டின் அமைப்பில் இருக்கிறது. மாவுச்சத்தையே விலக்கிப் புலாலும் முட்டையும் கொண்டு எடை குறைப்போருக்கும் இதே சிக்கல் உண்டு. அவ்வுணவுகளில் நார் என்பதே கிடையாது.

மாங்குடி கிழார் காட்டிய தட்டை இன்றைய கணக்கில் வைத்துப் பார்ப்போம். 100 கிராம் அரிசி, 100 கிராம் கம்பு, 50 கிராம் முழுப் பாசிப்பயறு (நூறு கிராமில் 17 கிராம் நார்). மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 850 கலோரி. முன்பு 400 கிராம் அரிசி தந்ததோ 1,400 கலோரிக்கு மேல். நார் மட்டும் 11இலிருந்து 22 கிராமுக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. நூறு கிராம் முருங்கைக்கீரை இன்னும் எட்டு கிராம் தரும். ஒரு கொய்யாப்பழத்தைச் சேர்த்துக்கொண்டால் 30ஐத் தாண்டிவிடலாம். அரிசியை முற்றாக விலக்க வேண்டியதில்லை. அதன் தனியாட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. வெள்ளை அரிசிக்குப் பழகிய குடலில் ஒரே நாளில் கம்பையும் பயற்றையும் இறக்கினால் வயிறு உப்பும், வாயு தொல்லை தரும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நார் நீரை உறிஞ்சுவதாதலால் தண்ணீரும் கூடவே பருக வேண்டும். குடல் நோயுள்ளோரும் நீரிழிவுக்கு மருந்துண்போரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் நலம்.

மறுபடியும் தீட்டாதிருப்போம்

ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே தமிழக அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடை வழியே கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. விருதுநகர் மாவட்டத்துக் குதிரைவாலி இன்று நகரத்து அங்காடிகளில் அழகிய பொட்டலங்களில் கிடைக்கிறது. ஒரு காலத்தில் வறியோர் உணவென்று தள்ளப்பட்டது அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. வரலாற்றின் விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று.

ஆனால் அப்பொட்டலத்தைக் கையிலெடுத்து உற்றுப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சாமையும் வரகும் குதிரைவாலியும் பளிச்சென்று வெள்ளையாக இருக்குமாயின், அவையும் தவிடு நீங்கத் தீட்டப்பட்டவையே. நெல்லுக்கு நூறாண்டுக்கு முன் ஆலை செய்ததை, சிறுதானியத்துக்கு இன்றைய இயந்திரம் செய்துகொண்டிருக்கிறது. காரணமும் மாறவில்லை: தவிடு ஒட்டிய தானியம் விரைவில் சிக்கு வாடையடிக்கும், அலமாரியில் நிற்காது. குன்னூரும் கல்லுப்பட்டியும் சொன்னது நெல்லுக்கு மட்டும் உரிய செய்தியன்று. தானியத்தின் பெயரை மாற்றிவிட்டு வெள்ளை மீதுள்ள மயக்கத்தை மாற்றாமல் விட்டால், நாம் வாங்குவது பழைய இழப்பையே புதிய விலையில்.

பழுப்பு நிறம் மாறாத சாமையைக் கேட்டு வாங்குவோம். கம்பையும் கேழ்வரகையும் முழுதாக வாங்கி அரைத்துக்கொள்வோம். உடைத்த பருப்போடு தோல் நீக்காத பயற்றுக்கும் வாரத்தில் சில நாட்கள் இடம் தருவோம். உலக்கையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. அந்தப் பாரத்திலிருந்து நம் பெண்கள் விடுபட்டது விடுபட்டதாகவே இருக்கட்டும். உலக்கை விட்டுவைத்திருந்த தவிட்டை நம் ஆலைகளும் விட்டுவைத்தால் போதும். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் விற்போர் வைக்கத் தொடங்குவர்.

கரிசல் கிழவி ஒருத்தி இன்று வந்து நம் தட்டைப் பார்த்தால், நாள்தோறும் நெல்லுச்சோறு உண்ணும் பேறு வாய்த்தவர்கள் கம்மஞ்சோற்றைக் கிராமில் நிறுத்து உண்பதேன் என்று வியப்பாள். அவளுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு நேர்மையான விடை உண்டு: 'ஆத்தா, உனக்கு வேறு வழியில்லாததால் கம்பை உண்டாய்; எங்களுக்கு வழி இருந்தும் அதைத் தேர்ந்துகொள்கிறோம்.' தேர்ந்துகொள்ளும் நிலைக்கு நாம் வந்து சேர நெடுங்காலம் ஆகியிருக்கிறது. அந்த நிலையை நல்லபடியாகப் பயன்படுத்திக்கொள்வோமாக.